கண்டுபிடித்ததற்கு எவ்வளவு?

செவ்வாய்க்கிழமை, காலை 9.40. மீட்டரில் 71,316 கிலோமீட்டர். திருப்போரூர் தாண்டி, செங்கல்பட்டு போகும் ரோட்டில், இரண்டு பக்கமும் காப்புக்காடு வருகிற இடத்தில் என் கார் நின்றுபோனது.

இருமல் இல்லை, உதறல் இல்லை. ஓடிக்கொண்டிருந்த வண்டி சும்மா அணைந்துவிட்டது — யாரோ ஸ்விட்சைத் தட்டிய மாதிரி.

பக்கத்து சீட்டில் என் மனைவி வசந்தா. அவளுக்கு ஏழு மாதமாக ஒரு தொந்தரவு. நின்றுகொண்டே இருப்பாள், திடீரென்று மயங்கி விழுவாள். இரண்டு நிமிஷத்தில் கண்ணைத் திறந்து, "அடுப்பை அணைச்சீங்களா?" என்று கேட்பாள். ஏன் விழுகிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் செவ்வாய்தோறும் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறோம். பஸ்ஸில் அழைத்துப்போக முடியாது... படியில் நிற்கும்போது விழுந்தால்? அவளை விழாமல் கொண்டுபோய்ச் சேர்க்க எங்களிடம் இருக்கிற ஒரே வழி இந்தக் கார்தான்.

வண்டி நின்ற ஆறாவது நிமிஷம், ஏசி இல்லாத வெக்கையில், உட்கார்ந்தபடியே என் தோளில் சரிந்தாள். போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. கையைக் காட்டிய மூன்று வண்டிகளும் ஹாரன் அடித்துவிட்டுப் போயின. தண்ணீர் தெளித்தேன். நோட்டால் விசிறினேன். கண்ணைத் திறந்தாள், ஆனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. நாற்பத்தோரு நிமிஷம் கழித்து, வேறு வழி தெரியாமல் மறுபடியும் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது!

அது என்ன நோட்டு என்று புது வாசகர்கள் கேட்கலாம். பழைய வாசகர்களுக்கு என் வியாதி தெரியும். காரில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, நேரம், கிலோமீட்டர், நடந்தது, காரணம் — ஐந்து கட்டம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. வீட்டில் வசந்தாவுக்கும் இதே ஐந்து கட்டத்தில் ஒரு நோட்டு உண்டு. கிலோமீட்டர் கட்டத்தில் மட்டும் ரத்த அழுத்தத்தை எழுதுகிறேன்.

வண்டி எப்போதெல்லாம் நின்றது, வசந்தா எப்போதெல்லாம் விழுந்தாள் — எல்லாம் நோட்டுகளில் இருக்கிறது. காரணம் என்கிற கட்டம் மட்டும் இரண்டிலும் காலி.

வண்டி நிற்பது அது நான்காவது தடவை. முதல் தடவை நின்றபோது நாவலூர்ப் பக்கம் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். பேட்டரியை மாற்றினார்கள். மறுபடி நின்றது. பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள். மறுபடியும் நின்றது. இரண்டு பில்லும் பெரிய பில். மறுபேச்சு பேசாமல் கொடுத்தேன். ஏன்? பேட்டரி ஓர் அட்டைப்பெட்டியில் வந்தது. பம்ப்பும் பெட்டியில் வந்தது. பழைய சாமானைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். காசுக்கு ஏதோ வந்த மாதிரி இருந்தது.

காட்டு ரோட்டில் நின்ற மறுநாள்தான் திருவிடந்தையில் மெக்கானிக் இருதயராஜிடம் போனேன். ஈ.சி.ஆர். ஓரமாகத் தகர ஷெட். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர் பத்து வருஷம் கம்பெனி ஒர்க் ஷாப்பில் கை ஒடிய வேலை செய்துவிட்டுச் சொந்தமாக ஷெட் போட்டவர். ஊரில் எல்லோருக்கும் அவர் வெறும் 'இருதயம்'.

"எப்ப நிக்கிது சார்? சூடானா நிக்கிதா, குலுக்குனா நிக்கிதா?" என்றார்.

"எல்லாம் நோட்டுல இருக்கு. படிச்சுப் பாருங்க."

"நோட்டா சார் ஓட்டுச்சி? நீங்கதான ஓட்டுனீங்க?"

"எனக்கு மறந்துபோகலாம். நோட்டுக்கு மறக்காது. முதல்லேர்ந்து ஒரு வரி விடாமப் படிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பது எனக்கே நன்றாக நினைவிருக்கிறது.

மூன்று நாள் வண்டி அவரிடம் இருந்தது. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்குமாக ஓட்டிப் பார்த்திருக்கிறார். அவரிடம் ஒரு தடவைகூட நிற்கவில்லையாம். (வசந்தாவும் அப்படித்தான். டாக்டர் முன்னால் ஒருநாள்கூட விழுந்ததில்லை.) வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. "கெடச்சிடுச்சி சார்!" குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

சனிக்கிழமை காலை வசந்தாவையும் அழைத்துக்கொண்டு போனேன். அவளுக்கு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார் இருதயம். விஷயம் இதுதான்: என்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் ஒன்று உண்டு. அதற்குப் போகிற வயர், மேல்தோல் நன்றாக இருக்க, உள்ளே அறுந்திருந்தது. குலுங்கினால் விட்டுவிடும், நின்றால் ஒட்டிக்கொள்ளும்.

பில்லை வாங்கிப் பார்த்தேன். இரண்டே வரி. வயர் — 60. லேபர் — 4,800.

"வயருக்கு அறுபது, சரி. இந்த நாலாயிரத்து எண்ணூறு எதுக்கு?"

"கண்டுபிடிச்சதுக்கு சார்."

"வயரை மாத்த எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அது ஆச்சு, ஒரு இருவது நிமிஷம்."

"இருபது நிமிஷ வேலைக்கு நாலாயிரத்து எண்ணூறா?"

"சார், மூணு நாளு நான் இன்னா பண்ணிகினு இருந்தேன்னு நெனச்சீங்க? தேடிகினு இருந்தேன். அடியில படுத்துகினு, ஒவ்வொரு வயரா மீட்டர் வெச்சி, ஆட்டி ஆட்டிப் பாத்துகினு..."

"தேடறது உங்க பாடு. எனக்குச் செஞ்ச வேலைக்கு பில் போடுங்க. ஒரு சாமான் மாத்தலை. ஒண்ணு கழட்டலை. எதுக்குன்னு குடுக்கறது?"

மீன் ஏற்றுகிற லோடு வண்டிக்கு டயர் மாற்றக் காத்திருந்த டிரைவர் ஒருவர், பீடியை அணைத்துவிட்டுச் சிரித்தார். "அண்ணாத்த, நீ ரெண்டு பழைய சாமான கவர்ல போட்டுக் குடுத்திருக்கணும். சாரு சந்தோஷமா எட்டாயிரம் குடுத்திருப்பாரு!"

எனக்குச் சுருக்கென்றது. அதனாலேயே குரலை உயர்த்தினேன். பேனாவை எடுத்தேன். இருபது நிமிஷத்துக்கு இவ்வளவு, மூன்று நாள் வண்டி ஓட்டிப் பார்த்ததற்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு ஆயிரத்து ஐந்நூறில் நிறுத்தினேன். "இதுக்கு மேல நியாயம்னு ஒரே ஒரு காரணம் சொல்லுங்க. தரேன்."

இருதயம் வாயைத் திறந்தார். மேஜைமேல் இருந்த என் நோட்டைப் பார்த்தார். நாற்காலியில் இருந்த வசந்தாவைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

"சரி சார். குடுக்கறதக் குடுங்க."

பதில் இல்லாததால் மூடிக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். நான் வண்டியில் ஏறும்போது கண்ணாடிப் பக்கம் குனிந்து நிதானமாகச் சொன்னார்: "இனிமே இன்னா கோளாறுன்னு நீங்களே கண்டுபிடிச்சி எழுதிகினு வாங்க சார். நான் மாட்டித் தரேன். மாட்டுன கூலி மட்டும் போதும்."

வழியில் வசந்தா, "உங்க ஆபீஸ்ல உங்களுக்கு என்னங்க வேலை?" என்று கேட்டாள்.

சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேடிச் சொல்வது. திருத்துவதுகூட வேறு ஆள்.

"தெரியாத மாதிரி கேக்கறியே."

"இல்ல... கண்டுபிடிக்கிறதுக்குப் போய் யாராவது மாசாமாசம் சம்பளம் குடுப்பாங்களான்னு யோசிச்சேன்."

வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன் — மிச்சம்: 3,360.

அடுத்த செவ்வாய் வண்டி காட்டு ரோட்டை நிற்காமல் தாண்டியது. வசந்தாவுக்கு இன்னொரு ஸ்கேன். அதுவும் நார்மல். அந்த வார்த்தையைக் கேட்டால் முன்பெல்லாம் நிம்மதியாக இருக்கும். இப்போது இல்லை. எல்லாம் நார்மலாக இருக்கிற ஒருத்தி ஏன் ஐயா அடுக்களையில் விழுகிறாள்? கவுண்டரில் கேட்ட பணத்தைக் கட்டினேன். அங்கே யாரிடமும் நிமிஷக் கணக்குக் கேட்கவில்லை. எதையும் கண்டுபிடிக்காதவர்களுக்கு ஏழு மாதமாக முழுசாகக் கட்டிவருகிறேன். கண்டுபிடித்த ஒரே மனிதரிடம் பேரம் பேசியிருக்கிறேன்.

மறுநாள் காலை, ஆபீஸ் கிளம்புவதற்கு முன், கார் நோட்டை எடுத்தேன். காலியாகக் கிடந்த அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்பிவிடலாம் என்று. 'வயர் அறுந்தது' என்று எழுதினேன். பேனா நின்றது. அது 'நடந்தது' கட்டத்தில் வர வேண்டியது, காரணம் ஆகாது. நல்ல வயர் ஏன் அறுந்தது? எலியா? உப்புக்காற்றா? முதல் தடவை வண்டி நின்ற தேதிக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறேன் என்று பக்கத்தைப் பின்னால் திருப்பினேன்.

அந்தத் தேதிக்கு ஒன்பது நாள் முன்னால் இருந்தது. என் கையெழுத்து. அழகான கையெழுத்து.

'ஞாயிறு, 11.15. என்ஜின் பக்கம் தொங்கிக்கொண்டிருந்த வயர்களைச் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டை நான்கு. இப்போது பார்க்க நன்றாக இருக்கிறது.' அன்றைக்குக் காரணம் என்கிற கட்டத்தைக் காலியாக விடவில்லை. 'ஒழுங்கு' என்று எழுதியிருந்தேன்.

ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு நேராகத் திருவிடந்தை போனேன்.

இருதயம் ஆச்சரியப்படவில்லை. டிராயரைத் திறந்து, வெட்டி எடுத்த கறுப்பு டை ஒன்றை மேஜைமேல் வைத்தார். "என்ஜின் ஆடும் சார். வயரு கொஞ்சம் தொளதொளன்னு தொங்கணும். இழுத்துக் கட்டிட்டா ஆட எடமில்லாம உள்ளயே அறுந்துரும். மேல பாத்தா ஒண்ணுமே தெரியாது."

"நான்தான் கட்டினேன்னு உங்களுக்கு..."

"நோட்ட ஒரு வரி விடாமப் படிக்கச் சொன்னீங்கல்ல? படிச்சேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே இருதயம். நான்தான் ஒரு காரணம் கேட்டேனே!"

"அம்மா ஒக்காந்துகினு இருந்தாங்க சார்." டையை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டார். "காட்டு ரோட்டுல அவங்க மயங்கிக் கெடந்தாங்கன்னும் நோட்டுல இருந்துச்சி. அது உங்க கைவேலன்னு அவங்க முன்னாடி எப்டி சொல்றது? காசு போனாப் போவுது."

மூவாயிரத்து முந்நூற்று அறுபதை எண்ணி வைத்தேன். வேண்டாம் என்பார் என்று உள்ளூர ஒரு ஆசை இருந்தது — மன்னிப்பு மாதிரி இருக்குமே. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அது அவருடைய பணம்.

"அப்போ இனிமேலும் வண்டிய உங்ககிட்ட..."

"கொண்டாங்க சார். நோட்ட மட்டும் வூட்ல வெச்சிட்டு வாங்க. பேஜாரா கீது." சிரித்தார். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு, "அம்மாவுக்கு இன்னான்னு சொன்னாங்க?" என்று கேட்டார்.

"நார்மல்னு சொன்னாங்க."

கொஞ்ச நேரம் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "வயரா இருந்தா நான் பாத்துருவேன் சார்."

கார் நோட்டில் அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டேன். காரணம்: நான். அதோடு அந்த நோட்டை மூடியாயிற்று.

ஆனால், நான் ஒழுங்குபடுத்தியது வயர்களை மட்டுமா? வசந்தா எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும், குழம்பில் எத்தனை ஸ்பூன் உப்பு, காபி எத்தனை டம்ளர் — எல்லாவற்றுக்கும் கோடு போட்டு அட்டவணை ஒட்டியவன் நான். அவளும் சிரித்துக்கொண்டே அதற்குள் அடங்கிக்கொண்டவள்.

நான்கு நாளாக ஆபீஸ் போகவில்லை. பழைய டைரிகளை எல்லாம் இறக்கி வைத்துக்கொண்டு பின்னோக்கிப் படித்துக்கொண்டிருக்கிறேன் — அவள் முதல் தடவை விழுவதற்கு முன்னால், நான் எதை இறுக்கிக் கட்டினேன் என்று.