குடித்துப் பார்த்துத் திறந்தவர்

எங்கள் தெருவில் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஒரு சத்தம் வரும். சவரிமுத்து தன் வால்வு சாவியால், அவருடைய நெஞ்சுயரம் இருக்கும் அந்த இரும்புக் கம்பியால், தெருமுனை வால்வுக்குழியின் மூடியை இரண்டு தட்டுத் தட்டுவார். குடங்களை எடுத்து வையுங்கள் என்று அதற்குப் பொருள். போன மாதம் ஒரு வியாழக்கிழமை தண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை. என் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தபோது எதிர்வீட்டு ஜெசிந்தா வந்து வாசலில் நின்றாள்.

"டீச்சர், சவரியண்ணன் போயிட்டாரு. விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆட்டோ வரங்குள்ள முடிஞ்சிருச்சு."

வேறு யாரோ சாவியைத் திருகியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்தத் தண்ணீரை அவர் குடித்துப் பார்க்கவில்லையே என்றுதான் நினைத்தேன்.

சவரிமுத்துவை அறிந்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்களுடையது வத்தலக்குண்டைத் தாண்டி மலைக்குப் போகும் சாலையில் உள்ள சிறிய பேரூராட்சி. கண்மாய்க்கு அடியில் இருக்கும் கிணற்றுத் தண்ணீர்தான் வெகுகாலம் எங்களுக்குக் குடிநீர். அதைத் தொட்டிக்கு ஏற்றித் தெருத்தெருவாகத் திறந்துவிடுவது சவரிமுத்துவின் வேலை. தினமும் வால்வைத் திருகும் முன் ஒரு கை அள்ளிக் குடிப்பார். வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்குவார். குளோரின் போடுவது, அளவு பார்ப்பது எல்லாம் தனி. அவற்றையும் ஒழுங்காகச் செய்வார். "நான் குடிக்காத தண்ணிய ஊருக்கு விடமாட்டேன் டீச்சர்" என்பார். பெருமையாகச் சொல்ல மாட்டார். சாப்பாட்டுக் கடையில் உப்புப் பார்த்துக் குழம்பை இறக்கும் சமையல்காரர் சொல்வதுபோலச் சொல்வார்.

சில வருடங்களுக்கு முன், ஈஸ்டருக்கு முந்திய வாரம் ஒரு நாள் அவர் தண்ணீர் திறக்கவில்லை. வீடுகளில் வெள்ளையடிப்பும் விருந்தாளிகளுமாக இருந்த நேரம். பெண்கள் குடங்களோடு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஜெசிந்தாவின் மாமியார், "ஏலே சவரி, ஒன் நாக்கு என்ன கவர்மெண்டு நாக்காலே? தொறந்து விடுறா" என்று ஏசினார். அவர் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு, "வையி அத்தை, நல்லா வையி. தண்ணி மட்டும் கேக்காத. நாத்தம் அடிக்குது" என்றார். சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. மலைச்சாலை விடுதிகளின் கழிவுத்தொட்டியைச் சுத்தம் செய்யும் லாரி ஒன்று, கண்மாய்க்கு வரும் ஓடையில் தன் சுமையைத் திறந்துவிட்டுப் போயிருந்தது. எங்கள் நாக்குக்குத் தெரியாத அளவில் அது கிணற்றுக்கு வந்திருந்தது. அவருக்குத் தெரிந்தது.

அந்த வாரம்தான் அவர் என் வீட்டுக்கு மனு எழுத வந்தார். நான் முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதித் தருவேன். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: ஓடையில் லாரிகள் கழிவு கொட்டுவதை நிறுத்த வேண்டும். நான் எழுதினேன். எழுதிவிட்டு, என் பழக்கப்படி, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். 'கண்மாய்க்கரையை அழகுபடுத்தினால் இவ்வழியே செல்லும் சுற்றுலாப் பயணிகளும் பயனடைவார்கள்' என்று. வாசித்துக் காட்டியபோது அவர் கேட்டார்.

"அந்தக் கடைசி வரி எதுக்கு டீச்சர்?"

வகுப்பில் விளக்குவதுபோல விளக்கினேன். வெறும் சோற்றை யாரும் விரும்பிச் சாப்பிடுவதில்லை, கொஞ்சம் வெஞ்சனம் இருந்தால்தான் இறங்கும்; அதிகாரிகளுக்கும் அப்படித்தான், குறையை மட்டும் சொன்னால் ஓரமாக வைத்துவிடுவார்கள், அவர்களுக்குப் பிடித்த ஒன்றும் இருந்தால் எடுத்துப் படிப்பார்கள் என்றேன். "படிச்சவுக சொன்னாச் சரிதான்" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நான் சொன்னது அப்படியே நடந்தது. மனுவை எடுத்துப் படித்தார்கள். வெஞ்சனத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருடமே கண்மாய்க்கரையில் பயணிகள் பூங்கா வந்தது. சிமெண்டு பெஞ்சுகள், வேன் நிறுத்த இடம், ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு இதயம் வைத்த பலகை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் கழிப்பறை. திறப்பு விழாவில் செயல் அலுவலர் சவரிமுத்துவுக்குத் துண்டு போர்த்தினார். எனக்கும் போர்த்தினார். கோரிக்கையை இவ்வளவு அழகாக எழுதிய ஆசிரியைக்கு நன்றி என்றார். நானும் கும்பிட்டேன். கூட்டம் கலைந்த பிறகு சவரிமுத்து என்னைக் கழிப்பறைக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே கழிவுக்குழியின் புது மூடி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிக் கிணற்றைக் காட்டினார்.

"இங்கன நின்னு துப்புனா அங்கன விழும் டீச்சர்."

நான் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். ஒரு முறை அல்ல, செருப்புத் தேயப் போனேன். யாரும் என்னை அவமதிக்கவில்லை. உட்காரச் சொன்னார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். செயல் அலுவலர் ஃபைலை எடுத்து என் மனுவைக் காட்டினார். கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. "நீங்க கேட்டதத்தான மேடம் செஞ்சிருக்கோம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஓடையில் கழிவு கொட்டும் லாரியைப் பற்றிக் கேட்டேன். அது பேரூராட்சி எல்லைக்கு வெளியே நடப்பது என்றார். அதுவும் பொய் இல்லை. மாணவர்களின் விடைத்தாளில் தவறுக்குக் கீழே எத்தனையோ சிவப்புக் கோடு போட்டவள் நான். என் வரிக்குக் கீழே இருந்த கோட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுந்து வந்தேன்.

இரண்டு மழைக்காலம் கிணறு தாங்கியது. மூன்றாவதில் ஒரு நாள் காலையில் சவரிமுத்து அள்ளிய தண்ணீரை அப்படியே கீழே விட்டார். சோதனைக்கு எடுத்துப்போனார்கள், அவர் சொன்னதையே தாளில் எழுதிக் கொடுத்தார்கள். கிணற்றுச் சுவரில் 'குடிக்க உகந்ததல்ல' என்று எழுதினார்கள். சாலையோரம் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். அந்தத் தண்ணீர் உப்பு. பருப்பு வேகாது. எங்களில் முடிந்தவர்கள் கேன் தண்ணீர் வாங்கினோம், முடியாதவர்கள் குடித்தார்கள்.

அவர் மட்டும் வழக்கத்தை விடவில்லை. தினமும் ஒரு கை அள்ளுவார், வாயில் வைத்துப் பார்ப்பார், துப்பிவிடுவார். பிறகு மூடியை இரண்டு தட்டுத் தட்டித் திறப்பார். ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

"இப்ப நான் குடிக்காததத்தான் ஊருக்கு விடுறேன் டீச்சர்."

அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது என்றேன். நாலைந்து வருடமாக நெஞ்சில் இருந்ததை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். அவர் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நீங்க நல்லதுக்குத்தான் எழுதுனீக. அவுகளும் நல்லதுக்குத்தான் கட்டுனாக. தண்ணிக்கு அது தெரியலையே." மன்னித்தாரா, குறை சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அடுத்த தெருவில் வால்வு திறக்கும் நேரமாகியிருந்தது, போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் மனைவி மரியபுஷ்பம் என்னிடம் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளைக் கொடுத்தார். பூங்காவில் வேன் நிறுத்தும் இடத்தைப் பெரிதாக்கப் பழைய கிணற்றை மண்போட்டு மூடப்போவதாகப் பேச்சு வந்திருந்தது. அதைத் தடுக்க அவரே எழுதிய மனு அது. "டீச்சருகிட்டக் குடுத்து எழுதலாம்லன்னு கேட்டேன். இல்ல, இத நானே எழுதிக்கிறேன்னுட்டாரு" என்றார் மரியபுஷ்பம். என்னை நோகடிக்க அவர் அதைச் சொல்லவில்லை. மூன்றே வரிகள் இருந்தன.

'ஐயா, கிணற்றை மூட வேண்டாம். கழிப்பறைக் குழியைத் தள்ளி வைத்தால் சில மழையில் கிணறு தேறிவிடும். தேறியதும் நான் குடித்துப் பார்த்துச் சொல்கிறேன்.'

திங்கட்கிழமை திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறி, கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்கும் இடத்தில் வரிசையில் நின்று கொடுத்தேன். வாங்கிய பெண் தாளைத் திருப்பிப் பார்த்து, இம்புட்டுத்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மனுதாரர் வரவில்லையா என்றாள். இறந்துவிட்டார் என்றேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்:

"அப்ப இந்தக் கடைசி வரிய அடிச்சிரவாம்மா?"

வேண்டாம் என்றேன். அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். வேறு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

ரசீது வந்திருக்கிறது, பதில் வரவில்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் டிப்பர் லாரி கொட்டிய மண் குவியலாகக் கிடக்கிறது. ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வால்வு திறக்க இப்போது வேறு ஆள் வருகிறார். நல்லவர்தான், நேரத்துக்கு வருகிறார், தட்டுவதில்லை. குழாயில் தண்ணீர் விழுந்ததும், குடத்தை வைக்கும் முன் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்க்கிறேன். சவரிமுத்துவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒரு கைத் தண்ணீர்தான். இன்றும் உப்பாகத்தான் இருந்தது.