பச்சைக்கோடும் பிள்ளைக்குளிப்பும்

நேற்றுப் பின்னேரம் மகள் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவளுடைய விளையாட்டுக் கிராமத்தில் ஒருவன் கையில் குழந்தையை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, இவருக்குப் பிள்ளை வளர்க்கவே தெரியேல்லை. ஒரு பொயின்ட் கூட எடுக்கேல்லை."

எனக்கு அந்த ஆளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. நம்மாள் அல்லவா!

இதே மாதிரி ஒரு விளையாட்டை நானும் ஆடியவன்தான், கேளுங்கள். என் மனைவி தர்சினி வயிற்றில் பிள்ளையோடு இருந்த மாதங்கள் அவை. வெள்ளவத்தையில் ரயில் ஏறினால் கோட்டையில் இறங்கும்வரை பக்கத்திலிருக்கும் கடலைப் பார்க்கமாட்டேன், கிராமத்தைத்தான் பார்ப்பேன். அங்கிருந்து கொச்சிக்கடை வேலைக்குப் போகிற பஸ்ஸிலும் அதே கிராமம். ஓர் ஆளை விரலால் தூக்கி, அழுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் விடவேண்டும். அவன் தாலாட்டுவான், குளிப்பாட்டுவான். பாதி பிழையாய்ப் போகும். பிழை விட்டாலும் அவன் தலைக்கு மேலுள்ள பச்சைக்கோடு கொஞ்சம் வளரும். அந்தச் சட்டம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கோடு நிரம்பினால் 'தேர்ந்த பெற்றோர்' என்று ஒரு பட்டம். அது கிடைத்த அன்று வீட்டுக்கு லட்டு வாங்கிப் போனேன் என்றால் பாருங்கள்!

தர்சினி லட்டைக் கடித்தபடி சொன்னாள்: "நல்லது. பிறந்த உடன உங்களிட்டயே தாறன்."

சொன்னபடி தந்தாள். சீசர் பிரசவம், வயிற்றில் தையல், அவளால் குனிய முடியாது. உதவிக்கு வரவிருந்த மாமி யாழ்ப்பாணத்தில் வழுக்கி விழுந்து, காலில் கட்டோடு கிடந்தார். பிள்ளையைக் குளிக்க வார்க்க அந்தப் பிளாட்டில் என்னைவிட்டால் ஆளில்லை. எனக்கோ ஒரே பயம். சவர்க்காரம் பூசிய பிள்ளை கைநழுவிப் போனால்?

வேப்பிலை அவித்த தண்ணீரின் மணம் எங்கே வந்தாலும் இன்றைக்கும் எனக்கு அந்த முதல் நாள்தான் நினைவுக்கு வரும். குளியலறை நிலத்தில் காலை நீட்டி இருந்தேன். கால்மேல் பிள்ளை. கதவடியில் கதிரை போட்டுத் தர்சினி. பிள்ளை வீரிட்டாள். நானும் கிட்டத்தட்ட அதே நிலையில்தான்.

"என்னால ஏலாதப்பா. வேற ஆரையாவது கூப்பிடும்" என்றேன்.

"ஆரைக் கூப்பிட? கழுத்துக்குக் கீழ கையைக் குடுங்கோ. இறுக்காதேங்கோ, அது தேங்காயில்லை!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விறைத்திருந்த கையும் இளகிக்கொடுத்தது. முதல் கோப்பைத் தண்ணீர் நான் கட்டியிருந்த சாரத்தில் போனது. இரண்டாவது பிள்ளையின் முதுகில் விழுந்தது. அழுகை சட்டென்று நின்றது. பிறகு அந்த மகாராணி என்மேல் மூத்திரம் பெய்தாள்.

"பொயின்ட் கூடிட்டுது!" என்ற தர்சினி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, தையல் நோகுது, சிரிக்க வையாதேங்கோ" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் நனைந்ததே இல்லை.

கால் சுகமாகி மாமி வந்தபிறகும் அந்த உத்தியோகத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் கைபேசிக் கிராமத்துச் சனம் என்ன ஆனதோ, பாவம், பட்டினி கிடந்திருக்கும்.

முதல் நாள் குளிப்பு இவ்வளவு நினைவிருக்கிறது. கடைசியாக வார்த்த நாள் எதுவென்று தெரியவில்லை. மற்ற நாட்களைப் போலவே அதுவும் போயிருக்கும். இப்போது உள்ளே தாழ்ப்பாள் விழுகிறது. தண்ணீர்ச் சத்தம், கூடவே அவளுடைய பாட்டு.

"தலையை வடிவாத் துடை பிள்ளை" என்று வெளியிலிருந்து கத்துவேன்.

"ஓம் அப்பா, எனக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரியும்தான். ஆனாலும் கதவடியில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத்தான் வருவேன்.