கலைமகள் அக்காவின் அட்டைக் கட்டு

டுரியான் துங்கால் ஊரில் பழைய அட்டை, டின், போத்தல் எதுவாக இருந்தாலும் கலைமகள் அக்காவின் கிடங்குக்குத்தான் போகும். தொழிற்சாலையில் ஆட்குறைப்பு செய்தபோது வேலை போனவர். வீட்டில் உட்கார்ந்து அழும் ரகமில்லை. கிடைத்த இழப்பீட்டில் பழைய லாரி ஒன்றை வாங்கி, கடை கடையாக அட்டைப்பெட்டி எடுக்கத் தொடங்கினார். பதினான்கு வருஷமாயிற்று. இப்போது மூன்று பேர் அவரிடம் வேலை செய்கிறார்கள். வாய் கொஞ்சம் நீளம். விலை பேச உட்கார்ந்தால் எதிராளிக்கு நா வறண்டுவிடும்.

சேரும் அட்டையெல்லாம் பக்கத்து ஊரான செலண்டாரில் இருக்கும் வீராசாமி அண்ணனுக்குப் போகும். அட்டையை அழுத்திக் கட்டும் இயந்திரம் அவரிடம்தான் இருக்கிறது. மற்றவர்கள் அனுப்பும் கட்டுகளை அங்கே பிரித்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். நடுவில் ஈர அட்டையைச் செருகி எடையைக் கூட்டுவது இந்தத் தொழிலின் பழைய தில்லுமுல்லு. அக்காவின் கட்டை மட்டும் பிரிப்பதில்லை. பாசார் என்னும் சந்தையின் மீன்கடை அட்டை நனைந்துதான் வரும். அதில் எத்தனை கட்டு என்று அக்காவே போனில் சொல்லிவிடுவார். அண்ணன் அதற்கு மட்டும் விலையைக் குறைத்துக்கொள்வார்.

போன வருஷம் ஒரு காகித ஆலையின் ஏஜெண்டு வந்தார். கிலோவுக்கு ஐந்து சென் காசு கூடுதல், ஆனால் காய்ந்த அட்டை மட்டும்தான் வேண்டும் என்றார். அக்கா மனக்கணக்குப் போட்டார். காய்ந்தது ஆலைக்கு, நனைந்தது அண்ணனுக்கு. அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் வருத்தப்படுவாராம்! போன் செய்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அதையும் நிறுத்தினார். அண்ணன் எதுவும் கேட்காமல் காய்ந்த அட்டையின் விலையையே கொடுத்துவந்தார். கெட்டிக்காரர்கள் செய்யும் முட்டாள்தனத்துக்கு ஈடே கிடையாது.

மூன்று மாதம் நன்றாகத்தான் ஓடியது. நவம்பர் மழை பிடித்ததும் ஆலை கைவிரித்தது. சிறிய கிடங்குகளிடம் இப்போதைக்கு வாங்குவதில்லையாம். அட்டை கூரையைத் தொட்டது. இன்னும் ஒரு வாரம் போனால் கடைக்காரர்களிடம் எடுக்க முடியாது என்று சொல்ல வேண்டிவரும். அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டால் தொழிலே போய்விடும். அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது. எந்த முகத்தோடு போய் நிற்பது என்று இரண்டு நாள் தயங்கிவிட்டு, லாரியில் ஏற்றிக்கொண்டு செலண்டாருக்குப் போனார்.

அண்ணன் கோப்பி வரவழைத்தார். வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்தார். இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். அக்காவுக்கு உயிர் வந்தது. அதற்குள் வெளியே ஆட்கள் கட்டுகளை இறக்கி, கயிற்றை வெட்டத் தொடங்கியிருந்தார்கள்.

"என்னண்ணே, நம்ம கட்டையும் பிரிக்கிறாங்க?"

"ஆமாம்மா. இனிமே அப்படித்தான்."

அக்கா ஆலை விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தார்.

"தெரியும்லா. மூணு மாசம் நல்ல வெயிலு. உங்கிட்டேருந்து வந்ததெல்லாம் ஈரம்; மெஷின்ல போட்டா தெரியாதா? நீயா ஒரு போன் போடுவேன்னு பார்த்தேன்மா."

அன்று அக்கா விலைகூடக் கேட்கவில்லை.

இப்போது காய்ந்தது, நனைந்தது எல்லாமே செலண்டாருக்குத்தான். ஆலை ஏஜெண்டு மறுபடி வந்தபோது அக்கா வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். லாரி புறப்படும் ஒவ்வொரு முறையும் எத்தனை கட்டு ஈரம் என்று போன் செய்கிறார். அண்ணனும் "சரிம்மா" என்கிறார். எட்டு மாதமாக அந்த எண்ணிக்கை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அங்கே இன்னும் அக்காவின் எல்லாக் கட்டையும் பிரித்துப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.