அறுபது தக்காளிச் செடிக்குத் தண்ணீர் கட்டியவன்

பென்னலூரில் ஒரு தண்ணீர்த் தொட்டி. மறைமலை நகரில் முதல் வரிசை வீடுகள் எழும்பியபோது அவற்றில் பதினொன்றுக்குத் தளம். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் மூன்று கம்பெனிகளுக்குச் சுற்றுச்சுவர். வடக்குப்பட்டில் என் சொந்த வீடு, அதன் பின்னால் நானே தோண்டி நானே கல் கட்டிய கிணறு. இவ்வளவும் நான் கட்டியவை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மிச்ச எழுத்தைச் சிமெண்ட் மூட்டையின் மேல் அச்சடித்திருந்ததைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அப்பா எனக்கு வைத்துவிட்டுப் போன சொத்து ஒரு மண்வெட்டி. அதற்கும் காம்பு கிடையாது. காம்பு போட்டதும் நான்தான்.

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் யாரும் சேர்ப்பதில்லை. எங்கள் கொல்லையில் நான் வளர்த்த அறுபது தக்காளிச் செடிகள். சுவரைப் பார்த்தால் "மேஸ்திரி கட்டினது" என்று சொல்கிற அதே வாய், தக்காளிப் பேச்சு வந்தால் சிரிக்கிறது. ஏன் சிரிக்கிறது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

என் பெரிய பெண்ணுக்குத் தை மாதத்தில் நிச்சயதார்த்தம். கல்யாணம் வைகாசியில், எங்கள் வாசலிலேயே பந்தல் போட்டு. மாப்பிள்ளை வீட்டார் நாலு தலைமுறையாக நஞ்சை வைத்துப் பயிர் செய்கிறவர்கள். அதில் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருத்தர் இருந்தார். வாயைத் திறந்தால் குத்தல்தான். தாம்பூலம் மாற்றிக்கொண்டிருக்கும்போதே எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்.

"மேஸ்திரி வூட்டுச் சாப்பாடு. பருப்புல சிமெண்ட்டு கலக்காம இருந்தா சரி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"மாமா, கல்யாணத்துக்கு ஒரு தக்காளிகூட சந்தையிலேர்ந்து வராது. அத்தனையும் எங்க கொல்லையில வெளஞ்சதுதான். வெளியிலேர்ந்து ஒண்ணு வந்துதுன்னா என்னை மேஸ்திரின்னு கூப்பிடாதீங்க."

"வடக்குப்பட்டு சரளையிலயா? தக்காளியா?" என்று அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாத்துடலாம்யா, பாத்துடலாம்."

அவர்கள் போனதும் என் பெண் சமையல்கட்டிலிருந்து வந்தாள்.

"இன்னா நைனா, இப்டிச் சொல்லிட்ட? நீ சொன்னது நடக்கலன்னா உன்னை யாரு கேப்பாங்க? காலத்துக்கும் அந்த வூட்ல நான்தான் வாங்கிக் கட்டிக்கணும்."

அது உண்மை. என் வார்த்தை தவறினால் அடி விழுவது அவள் தலையில். அதனால் அன்றைக்கே வேலையில் இறங்கினேன்.

எங்கள் கொல்லை மண் எப்படிப்பட்டது தெரியுமா? கடப்பாரையைப் போட்டால் பொறி பறக்கும். முழங்கை ஆழத்துக்கு அறுபது குழி எடுத்தேன். ஏரியிலிருந்து இரண்டு வண்டி வண்டல் கொண்டுவந்து குழிக்குள் கொட்டி, மாட்டு எருவைக் கலந்து ஆறவிட்டேன். நாற்றை மாசியில் நட்டேன். செடிக்குச் செடி நூல் பிடித்து, மூலை மட்டம் வைத்து நட்டேன். என் மனைவி பார்த்துவிட்டு, "செடி வைக்கிறியா, செவுரு வைக்கிறியா?" என்றாள். வரிசை கோணினால் எனக்குச் சோறு இறங்காது. சாரத்துக்கு வாங்கி உடைந்துபோன சவுக்குக் கட்டைகளை ஒவ்வொரு செடிக்கும் ஊன்றி வாழை நாரால் கட்டினேன். பங்குனியில் பூ எடுத்தது. எனக்கு மார்பு இரண்டு அங்குலம் அகலமானது.

சித்திரையில் கிணறு கைவிட்டது. விடியலில் இரண்டு குடம் ஊறும், அவ்வளவுதான். வீட்டுக்கே போதாது. தெருவில் கத்தரி வைத்திருந்தவர்கள் எல்லாம் செடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேலி ஓரம் நின்று, "மேஸ்திரி, இன்னும் எதுக்கு உயிரை வுட்டுக்கினு கீற? காஞ்சிபுரம் மார்க்கெட்ல கூடை கூடையா கீது. ஒருத்தருக்கும் தெரியாம எடுத்தாந்துடு" என்றார்.

நான் அப்படிப்பட்டவனா?

அங்கேதான் என் தொழில் கைகொடுத்தது. அந்தக் காலத்தில் சிமெண்ட் சணல் சாக்கில் வரும். வெயிலில் புதுத் தூண் எழுப்பினால், சாக்கை நனைத்து அதைச் சுற்றிக் கட்டுவோம். ஈரம் போகாமல் நிற்கும், தூண் வெடிக்காது. தூணுக்கு ஆவது செடிக்கு ஆகாதா? வேலை நடக்கிற இடத்தில் பழைய சாக்குகளை எடுத்து, அங்கே லாரியில் வந்த தண்ணீரிலேயே மூன்று முறை அடித்துத் துவைத்துச் சிமெண்ட்டைப் போக்கினேன். அது முக்கியம். சிமெண்ட் வேரில் பட்டால் செடி கருகும். பிறகு ஒவ்வொன்றையும் வட்டமாக வெட்டி, தண்டைச் சுற்றித் தரையில் விரித்தேன். அரிசி கழுவின தண்ணீர், முகம் கழுவின தண்ணீர், என் பெண் தலைக்கு ஊற்றிக்கொண்ட தண்ணீர் எதையும் தரையில் விட்டதில்லை. பொழுது சாயும்போது ஒரு செடிக்கு ஒரு டப்பா, சாக்கின் மேலேயே ஊற்றுவேன். சாக்கு குடித்து, சாக்கிலிருந்து மண் குடித்து, மண்ணிலிருந்து வேர் குடிக்கும். நாற்பது நாள் இப்படி. அறுபது செடியில் ஒன்றுகூடச் சாகவில்லை. யார் யாரோ வந்து எண்ணிப் பார்த்தார்கள்.

கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள். காய் எல்லாம் சிவப்புப் பிடித்துக் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. தோல் மட்டும் கொஞ்சம் தடித்து, அளவு சின்னதாக இருந்தது. தாகத்தில் வளர்ந்தது அல்லவா. அன்று மத்தியானம், வேலைக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரிக்காரர் பாதி லோடு மிச்சம் இருக்கிறது என்று எங்கள் வாசலில் நிறுத்தினார். எனக்குத் தலை கால் புரியவில்லை. கடைசி நாலு நாள் குடித்துக் கொழுக்கட்டும், மாப்பிள்ளையின் மாமன் கண் பிதுங்கட்டும் என்று நினைத்தேன். தளம் போட்ட மறுநாள் மண்ணால் சின்ன வரப்புக் கட்டி, தண்ணீரைத் தேக்கி வைப்போம். அதே மாதிரி அறுபது செடியைச் சுற்றியும் சுவர் பூசுகிற கரணையாலேயே வரப்புப் போட்டு, தண்ணீரை நிரப்பினேன். கண்ணாடி மாதிரி நின்றது.

என் மனைவி ஓடி வந்தாள்.

"இன்னாய்யா இது? தளத்துக்குத் தண்ணி கட்றா மாதிரி கட்டி வுட்டுக்கினு கீற? அதுங்க வவுறு தாங்குமா?"

"எனக்கே தண்ணி கட்டக் கத்துத் தரியா நீ?" என்றேன்.

மறுநாள் காலை கொல்லைக் கதவைத் திறந்தேன். பழுத்தது எல்லாம் வெடித்திருந்தது. காம்பிலிருந்து அடிவரை, விரல் நுழைகிற வெடிப்பு. ஈ மொய்க்க ஆரம்பித்துவிட்டது. காங்கிரீட் தண்ணீர் குடித்தால் இறுகும். தக்காளி உள்ளே ஊதி, காய்ந்த தோல் இடம் கொடுக்காமல் பிளந்துவிடும். அதை அன்றைக்குத்தான் கற்றேன். வைகாசி வெயிலில் வெடித்த பழம் இரண்டு நாள் தாங்காது. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கிறது.

என் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு பழத்தின் வெடிப்பை விரலால் ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி கூடையை எடுத்தாள். "மரமாட்டம் நின்னுகினு இருந்தா ஆச்சா? பறி" என்றாள். பறித்தோம். தெருப் பெண்கள் அரிவாள்மணையோடு வந்து உட்கார்ந்தார்கள். வாசலில் மூன்று கல் கூட்டி அண்டாவை ஏற்றினாள். நல்லெண்ணெய், கடுகு, வெந்தயம், மிளகாய்த்தூள், கல் உப்பு. பொழுது போகும்வரை கிளறி, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை சுண்டவைத்துத் தொக்காக்கினாள். இரண்டு ஜாடியும் ஒரு தவலையும் நிறைந்தன. செடியில் மிச்சம் இருந்த அரைப்பழம் மூன்று நாளில் பழுத்து ரசத்துக்கு ஆனது. சாம்பாருக்குப் புளி. சந்தையிலிருந்து ஒரு தக்காளிகூட வரவில்லை.

கல்யாணப் பந்தியில் அந்த மாமன் தயிர்ச் சோற்றுக்கு நாலு தடவை தொக்கு கேட்டு வாங்கினார். கை கழுவிவிட்டு நேராக என் மனைவியிடம் போனார்.

"தங்கச்சி, நாலு ஊரு பந்தியில குந்தியிருக்கேன். இந்த மாதிரி நாக்குல பட்டதில்ல. பொண்ணுக்கு இதைச் சொல்லிக் குடுத்திருக்கியா?"

"அதுக்குக் கை வாகு என்னுதுதாண்ணா" என்றாள் என் மனைவி, பெண்ணைக் காட்டி.

அந்த வீட்டில் என் பெண் ஒரு நாளும் தலை குனியவில்லை. அங்கே எந்த விசேஷம் என்றாலும் அவள்தான் தொக்குக் கிளறுகிறாள். இலையில் விழுந்ததும் யாராவது கதையை ஆரம்பித்துவிடுகிறார்கள். எப்படி? "நைனா தண்ணி வுட்டுக் கெடுத்தாரு, அம்மா காப்பாத்துனாங்க." முடிந்தது கதை. பேரப்பிள்ளைகள் வரை இதையே சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நான் கேட்கிறேன். காப்பாற்றுவதற்குப் பழம் எங்கிருந்து வந்தது? ஊரே பிடுங்கி எறிந்த சித்திரையில் சாக்கு நனைத்து நாற்பது நாள் உயிர் கொடுத்தது யார்? வெடிக்க வைத்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். வெடிக்கிற அளவுக்கு அங்கே ஒரு தக்காளி இருந்தது என்பதும் என்னால்தான். வெடிக்காமல் இருந்திருந்தால் சாம்பாரில் கரைந்து போயிருக்கும். தொக்கு என்று ஒன்று அந்தப் பந்திக்கு வந்தே இருக்காது.

தொக்கு என் மனைவியுடையது. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இனிமேல் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் முதல் வாக்கியமாக, "செடி வைத்து, தண்ணீர் இல்லாத காலத்தில் அதைக் காப்பாற்றியவர் அப்பா" என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்க வேண்டும். சிரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.