கற்பூரம் அணையும் முன்

ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு மந்திரி இருந்தார். கிழட்டு ராஜா எதற்காவது சம்மதிக்காவிட்டால் ராஜினாமா எழுதி நீட்டிவிடுவார். ராஜா பதறிப்போய் இறங்கி வருவார். இப்படியே பல வருடம் ஓட்டியிருக்கிறார். அவருடைய வரலாற்றை ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்தேன். மனிதர் கெட்டிக்காரர். அதைப் படித்த நானும் அப்படித்தான் என்று நினைத்ததில்தான் கோளாறு.

அப்போது மலைமேல் குண்டூர் நாட்டில் எங்கள் ஊர் மிளகுக் குழுவுக்கு நான் தலைவர். எல்லோருடைய மிளகையும் ஒரே லாரியில் அடிவாரத்துக் காரவள்ளிச் சந்தைக்கு இறக்குவோம். கூடப் போய் விலை பேசுவது தலைவர் வேலை. அந்தப் பதவி எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது, நான் லாரியின் முன்சீட்டில் ஏறும் தோரணையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நான் ஒரு விதி கொண்டுவந்திருந்தேன். கடித்தால் 'படக்' என்று உடையாத மிளகு லாரியில் ஏறாது. மழை பிடித்துக்கொண்டதும் மிளகு காயாமல் முணுமுணுப்பு எழுந்தது. விதியைத் தளர்த்தச் சொல்லிக் கோவில் முன் கூட்டம் கூடியது.

எங்கள் கூட்டம் கற்பூரம் ஏற்றித்தான் தொடங்கும். அது எரியும்போது சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. விவரமானவர்கள் அணையும்வரை வாய் திறக்கமாட்டார்கள். நான் மந்திரி நினைப்பில் எழுந்தேன்.

"தலைவர் பதவிய விட்டுட்டனுங்க!"

கெஞ்சுவார்கள் என்று காத்திருந்தேன். எல்லோரும் கற்பூரத்தையே பார்த்தார்கள்.

"எரியுதே சாமி" என்றார் பூசாரி.

"ஒரு நிமிசம் பொறுக்கக் கூடாதுங்களா மாமா?" என்றான் என் மனைவியின் தம்பி. கூட்டம் முடிவதற்குள் அவனையே தலைவராக்கிவிட்டார்கள். அந்த ராஜாவிடம் கிழித்துப் போடக் காகிதம் இருந்தது. எங்கள் ஊரிடம் இருந்தது நெருப்பு.

மந்திரிக்கும் கடைசியில் இதுதான் கதி. கிழட்டு ராஜாவின் பேரன் பட்டத்துக்கு வந்து, ராஜினாமாவைக் கேட்டே வாங்கிக்கொண்டான். மந்திரி பண்ணைக்குப் போய் மரங்களைப் பார்த்துக்கொண்டு பேரனைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் மிளகுக்கொடி ஏறிய மரங்கள் இருந்தன. திட்ட மச்சினன் இருந்தான். நான் இல்லாமல் அந்த விதி நிற்காது, விலை விழும், வந்து கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

வெயில் திரும்பியதும் லாரி ஹாரன் அடித்தது. பழக்கத்தில் சலவைச் சட்டையை மாட்டினேன்.

"ஏனுங்க, மந்திரி எங்க கெளம்பீட்டாரு? முன்சீட்டு இப்ப என்ற தம்பிக்குங்க" என்றாள் மனைவி.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். மச்சினன் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு மிளகை எடுத்துக் கடித்துக்கொண்டு வந்தான். படக். படக். என் மூட்டையில் எடுத்ததையும் கடித்தான். சத்தமே இல்லை.

"இன்னொரு வெயில் காயோணுங்க மாமா."

"டேய், அது நான் கொண்டுவந்த விதிடா!"

"ஆமாங்க. உங்களுக்கே தளர்த்துனா நல்லாவா இருக்கும்?"

வரிசை சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். லாரி போய்விட்டது.

நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் மந்திரி கொண்டுவந்த காப்பீட்டுச் சட்டங்கள் அவர் போன பிறகும் நின்றன என்று அந்தப் புத்தகத்தின் கடைசியில் இருந்தது. பதவி போன பிறகு என்ன கதை என்று அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டியிருந்தேன்.

வாசலில் பாயை விரித்து மிளகைப் பரப்பி, கோழி விரட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். லாரி காரவள்ளி போய்ச் சேர்ந்திருக்கும் நேரத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். படக் என்றது. பல்லா மிளகா என்று நாக்கால் துழாவிப் பார்த்தேன். மிளகுதான்.