பொன்னாலைப் பாலத்துச் சண்டை

பெரியம்மா ஜேர்மனியிலிருந்து வந்திறங்கிய அன்று, பெட்டியிலிருந்து முதலில் சொக்கிளேற்று வருமென்று வாயைத் திறந்துகொண்டு நின்ற என் முன்னால், ஒரு சைக்கிள் தலைக்கவசம்தான் வெளியே வந்தது. அதற்குள்ளேதான் சொக்கிளேற்றைத் திணித்து வைத்திருக்கிறார் என்று தெரியும்வரை எனக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. அப்போது எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூட விடுமுறை. சோளகக் காற்று தென்னோலைகளையெல்லாம் ஒரே பக்கமாக வாரி இழுத்துக்கொண்டிருந்த மாதம்.

பெரியம்மா இருந்த நகரத்தில் எந்தத் தெருவால் போனாலும் ஓர் ஏரியில்தான் போய் முடியுமாம். ஒவ்வோர் ஏரியையும் சுற்றி சைக்கிளுக்கென்றே தார் போட்ட பாதை. காரும் வராது, மாடும் வராது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து மத்தியானம்வரை சைக்கிள் உழக்குவேன் என்றார். கடைசியில் எங்கே போவீர்கள் என்று கேட்டேன். வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வருவோம் என்றார். அங்கேயே வருவதென்றால் ஏன் போகவேண்டும் என்று கேட்டேன். அப்பா சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை, நல்ல கேள்வி என்று மட்டும் சொன்னார்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு பெரிய பெருமை இருந்தது. என் சிநேகிதிகளின் வீடுகளில் அக்கா தங்கைகள் தலைமயிரைப் பிடித்து இழுத்து அடிபடுவார்கள். எங்கள் வீட்டில் அம்மாவும் பெரியம்மாவும் பேசுவதைக் கேட்டால், பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழாவுக்கு வந்தவர்கள் பேசுவதுபோல் இருக்கும். "நீர் இரும், நான் தேத்தண்ணி போடுறன்" என்பார் பெரியம்மா. "வேண்டாம் அக்கா, நீங்கள் களைச்சுப் போயிருப்பியள்" என்பார் அம்மா. தங்கையை 'நீர்' என்று கூப்பிடும் அக்காவை நான் வேறெங்கும் கண்டதில்லை. இதுவல்லவோ மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மரியாதை எப்படி வந்தது என்பது பின்னாளில்தான் தெரிந்தது. இளவயதில் இருவருக்கும் சேர்த்து வீட்டில் ஒரு சைக்கிள்தான் இருந்ததாம். அக்கா உழக்குவார், தங்கை பின்னால் கரியரில். பள்ளிக்கூடம், ரியூசன், கோயில், எங்கு போனாலும் அப்படித்தான். ஒருநாள் அக்கா, கொழும்புக்குப் போய்விட்டு இரண்டு நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லி வெளிக்கிட்டவர் வரவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பெற்றவர்களுக்குத் தெரியும், தங்கைக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஜேர்மனியிலிருந்து வந்த முதல் அழைப்பில், "எப்பிடி இருக்கிறீர்?" என்று கேட்டாராம் பெரியம்மா. கூச்சத்தில் வந்த 'நீர்' அது. அம்மா, "நல்லா இருக்கிறன், நீங்கள்?" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டாராம். அன்று தொடங்கிய மரியாதை, இருபது வருடம் கழித்து எங்கள் வீட்டுக் குசினியிலும் நின்றது.

காரைநகருக்குச் சைக்கிளில் போவோம் என்று அரியண்டம் கொடுத்தது நான்தான். எனக்குப் புதுச் சைக்கிள் வந்திருந்தது. எங்கள் கந்தரோடையின் ஒடுங்கிய ஒழுங்கைகள் அதற்குப் போதவில்லை. காரைநகர் வீதிக்குப் புதிதாகக் காப்பெற் தார் போட்டிருந்தார்கள். கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் கதைத்தார்கள். அம்மா காற்றென்றார், வெயிலென்றார். பெரியம்மாதான், "நீரும் வாரும், மூண்டு பேருமாப் போவம்" என்றார். அவர் திரும்பிப் போக நாலைந்து நாள்தான் இருந்தது. இத்தனை நாளில் அவர் அம்மாவிடம் கேட்ட ஒரே விஷயம் அதுதான். அம்மாவால் மறுக்க முடியவில்லை.

காலை வெயில் ஏறுமுன் வெளிக்கிட்டோம். அப்பாவுக்கு அன்று வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிற முறை. அவருடைய பார் வைத்த சைக்கிளைப் பெரியம்மாவுக்குக் கொடுத்திருந்தார். தலைக்கவசமும் சப்பாத்துமாகப் பெரியம்மா அதில் காலைத் தூக்கிப் போட்டு ஏறியபோது, சந்திக் கடையில் பாண் வாங்க நின்றவர்கள் பாணை மறந்து பார்த்தார்கள். அம்மா, தான் எங்களோடு வரவில்லை என்பதுபோல் கொஞ்சம் பின்னால் வந்தார்.

சங்கானை, சித்தங்கேணி, மூளாய் என்று வீதி வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் மதில்களும் பனைகளும் வடலிகளும் மறைத்துக்கொண்டிருந்ததால் காற்றின் சத்தம் மட்டும் மேலே கேட்டது. பொன்னாலையில் மரங்கள் முடிந்தன. பாலம் தொடங்கியது. பாலம் என்று சொல்கிறோமே தவிர, அது கடலுக்குள் நேராகப் போட்ட வீதி. இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர், அதில் நட்டிருந்த மீன் கூட்டுத் தடிகள், அவற்றின் மேல் குந்தியிருந்த நீர்க்காகங்கள். ஒதுங்க ஒரு செடிகூடக் கிடையாது. சோளகம் நேர் முன்னாலிருந்து வந்து எங்கள் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளியது.

கொஞ்சத் தூரம் போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. உழக்கினாலும் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருந்தது. இறங்கிவிட்டேன். திரும்புவோம் என்றார் அம்மா. பெரியம்மா ஏறிய சீற்றை விட்டு இறங்காமல், ஒரு காலை நிலத்தில் ஊன்றி, தங்கள் ஊர் முறையைச் சொல்லித்தந்தார்.

"முன்னுக்குப் போறவர் காத்தை வாங்கிக்கொள்ளுவார். பின்னுக்கு வாறவை சில்லோடை சில்லா ஒட்டிக்கொண்டு வந்தால் லேசு. நான் முன்னுக்குப் போறன். நீர் எனக்குப் பின்னாலை. பிள்ளை கடைசியா வரட்டும்."

அது மந்திரம் போல் இருந்தது. அம்மாவின் பின்சில்லுக்கு ஒரு முழம் தள்ளி ஓடினேன். காற்று எங்கள் தலைக்கு மேலால் எங்கோ போனது. முன்னால் பெரியம்மாவின் சட்டை பாய்மரம்போல் படபடத்தது. ஆனால் அப்பாவின் சைக்கிள் வெங்காய மூட்டை ஏற்றுவதற்கென்று வாங்கிய பாரச் சைக்கிள். வரவரப் பெரியம்மாவின் முதுகு ஒவ்வோர் உழக்குக்கும் இடம் வலமாக ஆடத் தொடங்கியது.

"அக்கா, விலகுங்கோ. நான் முன்னுக்கு வாறன்" என்றார் அம்மா.

"வேண்டாம். நீர் பேசாமல் வாரும்."

"களைச்சுப் போனியள் அக்கா."

"ஏலும் எண்டு சொல்லுறனெல்லே!"

அம்மா எழும்பி நின்று உழக்கினார். அவருடைய முன்சில்லு பெரியம்மாவின் சில்லுக்குப் பக்கத்தில் ஏறியது. பெரியம்மா விடவில்லை. இரண்டு சைக்கிளும் பக்கம் பக்கமாக இழுபட்டன.

"விலகன் அக்கா!"

"சைக்கிளை ஆட்டாதையடி, விழப்போறாய்!"

நான் திடுக்கிட்டுப் போனேன். எங்கள் வீட்டில் கேட்டறியாத சொல். ஆனால் அதோடு நிற்கவில்லை. அம்மா காற்றை மீறிக் கத்தினார். "எல்லாத்துக்கும் நீதான் முன்னுக்குப் போவாய்! சொல்லாமல் கொள்ளாமல் போவாய்! பின்னுக்கு இருக்கிறவளைத் திரும்பியும் பார்க்க மாட்டாய்!"

"சொன்னால் நீ விட்டிருப்பியாடி? கரியரிலை ஏறிக் குந்தியிருப்பாய்!"

"ஓம், குந்தியிருப்பன்தான்! இறக்கிவிட்டிட்டுப் போயிருக்கலாமே!"

"ஏலாதடி! உன்னை இறக்கிவிட்டிட்டுப் போக எனக்கு ஏலாது! அதாலைதான் சொல்லேல்லை!"

இவ்வளவையும் உழக்கிக்கொண்டேதான் கத்தினார்கள். நின்றால் மறுபடி ஏறி ஓடுவது பெரும்பாடு, அப்படிக் காற்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் வழியில்லை. இருவர் கண்ணும் வீதியில். தண்ணீருக்குள் வலையோடு நின்ற ஒருவர் நிமிர்ந்து, "என்ன பிள்ளையள், உந்தச் சண்டையை வீட்டிலை போய்ப் பிடியுங்கோவன்!" என்று சத்தம்போட்டார். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

பிறகு பெரியம்மா உழக்குவதைக் கொஞ்சம் தளர்த்தினார். அம்மா முன்னுக்குப் போனார். பெரியம்மா தலையைக் குனிந்து அவருடைய பின்சில்லோடு ஒட்டிக்கொண்டார். பாலம் முடியும்வரை அப்படியே போனோம்.

காரைநகர்ப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் இறங்கினோம். எனக்குச் சோடா வாங்கித் தந்துவிட்டு, அவர்கள் இருவரும் ஒரே வாங்குப் பலகையில் இருந்து பிளேன்ரீ குடித்தார்கள். இனி என்ன நடக்குமோ என்று நான் பயந்துகொண்டிருக்க, அவர்கள் தங்களுடைய பழைய சைக்கிளின் நிறம் நீலமா பச்சையா என்று தொடங்கிவிட்டார்கள். "உனக்கு எப்பவும் கண் தெரியாது" என்றார் அம்மா. "நீ பின்னுக்கு நித்திரை கொண்டுகொண்டு வந்தனீ, உனக்கு என்ன தெரியும்?" என்றார் பெரியம்மா. கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

திரும்பும்போது அதே காற்று முதுகில் வந்தது. உழக்கத் தேவையே இருக்கவில்லை. பெரியம்மா ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்து, மற்றக் கையை அம்மாவின் தோளில் வைத்துக்கொள்ள, பாலம் முழுவதும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் போனார்கள். வீதியில் இப்படிச் சமாந்தரமாகப் போகக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருந்தார்கள். அதையும் நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நேரே தோட்டத்துக்கு ஓடினேன். அப்பா மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றார். அம்மாவும் பெரியம்மாவும் நடு வீதியில் சண்டை பிடித்ததை, ஊராள் ஒருவர் பார்த்ததை, ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"என்ன சொல்லிச் சண்டை பிடிச்சவை?" என்று கேட்டார்.

"பெரியம்மா அம்மாவை 'டி' போட்டு ஏசினவ."

"டி எண்டோ? வடிவாக் கேட்டனியோ பிள்ளை?"

"ஓம். எத்தினையோ தரம். அம்மாவும் 'நீ' எண்டு சொன்னவ."

கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அப்பா மண்வெட்டியை வரம்பில் சாத்திவிட்டு, தண்ணீர் வேறு பாத்திக்குள் பாய்வதையும் பார்க்காமல், வீட்டுப் பக்கம் திரும்பி நின்றார். குசினியிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு விடுவது என்பதில் இருவரும் உரத்துச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அதைக் கோயில் நாதஸ்வரம் கேட்பவர்போல் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

பெரியவர்களால் பிரயோசனம் இல்லை என்று அப்போது விளங்கியது. பின்னேரம் விளக்கு வைத்த கையோடு சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். அம்மாவும் பெரியம்மாவும் இனிமேல் பழையபடி மரியாதையாகக் கதைக்கவேண்டும் என்று கண்ணை இறுக்க மூடிக் கும்பிட்டேன். பிள்ளையார் என்னை இரங்கிப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பிறகு அவர்கள் மரியாதையாகக் கதைத்ததே இல்லை.