நாய்க்கு நெஞ்சு ஸ்கேன், ஆளுக்கு வாய்ப்பூட்டு

ஜாதி நாயை இணை சேர்ப்பதற்கு முன்னால் அதன் இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கும்போது அந்த நாயின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் தொழில். சிரிக்காதீர்கள். வேங்கிக்காலில் ஒரு நாய் ஆஸ்பத்திரியில் வேலை. அப்பன் நாய்க்கு நெஞ்சில் கோளாறு இருந்தால் குட்டிகளுக்கும் வருமாம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற நாயே பொத்தென்று விழுந்து செத்துப்போகுமாம். ஐந்தாவது வரைக்கும் படித்த எனக்கு இதெல்லாம் இங்கே வந்துதான் தெரியும்.

நாயைப் பிடிப்பது எனக்குக் கஷ்டமே இல்லை. கூட வருகிற ஆட்கள்தான் கஷ்டம். வளர்த்தவர் குரல் கேட்டால் நாய் வாலை ஆட்டும், தலையைத் தூக்கும், இதயம் தடதடவென்று அடிக்கும், மெஷினில் ஒன்றும் சரியாகத் தெரியாது. அதனால் "பேசாதீங்க" என்று அதட்ட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளும் நான்தான். பஸ்ஸில் "இறங்கணும்" என்று சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள் நான். உங்களிலும் அப்படிச் சிலர் இருப்பீர்கள். உங்களுக்கு என் பாடு புரியும்.

ஓட்டை மேசை

முதன்முதலில் வந்தவர் கீழ்பென்னாத்தூர் ரைஸ் மில் முதலாளி. கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு கிரேட் டேன் கூட்டி வந்தார். எங்கள் ஸ்கேன் மேசையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கும். நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் அதன் நெஞ்சு சரியாக ஓட்டைக்கு மேல் வரும். டாக்டரம்மா கீழே இருந்து கையை விட்டு ஸ்கேன் எடுப்பார். முதலாளி ஓட்டையை மேலே இருந்து ஒரு பார்வை பார்த்தார். குனிந்து கீழே இருந்தும் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் ஆரம்பித்தார். எந்த மரம் உளுத்துப்போகும், எது போகாது, யாரிடம் வாங்கி ஏமாந்தார், எல்லாம். அவர் பேசப் பேச நாய் வாலால் என் இடுப்பில் சாத்தியது. நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

கடைசியில் டாக்டரம்மாவே அவரை அடக்கிவிட்டுப் பார்த்தார், நாய்க்கு நெஞ்சு கல் மாதிரி உறுதியாக இருந்தது. போகும்போது முதலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏம்மா, நாயிக்கு நெஞ்சு பாக்கறதெல்லாம் அப்பறம். மொதல்ல ஒரு ஆசாரியக் கூப்ட்டு அந்த மேசையப் பாருங்க."

பாதி வேலை

அன்றைக்கு மத்தியானம் டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே என்னிடம் பேசினார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. என் மகள் பால்வாடியிலிருந்து வருகிற நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்புகிற வேலை இந்த ஊரில் எனக்கு வேறு கிடையாது. அது அவருக்கும் தெரியும். "ரேவதி, நாயப் புடிக்கறது பாதி வேல. ஆளுங்கள அடக்கறது மீதி வேல. பாதி வேலைக்கு நான் ஆள் வெச்சிக்க முடியாதுடா."

கிரிவலம் போன பாக்ஸர்

பௌர்ணமிக்கு மறுநாள் ஒருவர் பாக்ஸர் நாயோடு வந்தார். அவர் நெற்றியிலும் பட்டை, நாய் நெற்றியிலும் பட்டை. ஸ்கேனில் நல்லபடியாக வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, ராத்திரி நாயை இழுத்துக்கொண்டு மலையைச் சுற்றி வந்திருக்கிறார். "நானும் செருப்பு போடல, அவனும் போடல" என்று டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்.

நாய் மேசையில் ஏறியதும் கட்டையாகச் சாய்ந்துவிட்டது. காலைப் பிடிக்கவே வேண்டியதில்லை. எனக்கு நல்ல காலம் என்று நினைத்தேன். டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்ததுதான் தாமதம், நாய் குறட்டை விட ஆரம்பித்தது. சப்பை மூக்கு பாருங்கள், அறை அதிர்ந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவரும் தூங்கிப்போய் எதிர்க்குறட்டை விட்டார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். தூங்குகிற மனுசனை எப்படி எழுப்புவது? நான் அவருக்குப் பக்கத்தில் போய் நின்று, புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, திரும்பி வந்துவிட்டேன். கடைசியில் டாக்டரம்மாவே தட்டி எழுப்பி, நன்றாக ஓய்வு கொடுத்து இன்னொரு நாள் கூட்டி வாருங்கள் என்றார். அவருக்கு வந்ததே கோபம். "அண்ணாமலையாரே பாத்து அனுப்பிச்சிட்டாரு. அதுக்கு மேல உங்க மிஷின் இன்னா பாத்துடப் போவுது?"

உறுதியான ஆம்பளை

இன்னொரு நாள் ஒரு அம்மா, கோல்டன் ரெட்ரீவர் ஆண் நாயோடு வந்தார். ஸ்கேன் நடக்கும்போதே போனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவுக்கு நேரலை. "இப்ப ஜெல்லு தடவறாங்க. இப்ப சவுண்டு கேக்குது பாரு." அக்கா அந்தப் பக்கத்திலிருந்து, எத்தனை குட்டி என்று கேட்டார். இந்த அம்மாவும் என்னிடம் திரும்பி, பொண்ணா பையனா சொல்ல மாட்டாங்க இல்ல என்றார். குட்டி இல்லீங்க, இது ஆண் நாய், இதயத்துக்குத்தான் பார்க்கிறோம் என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. டாக்டரம்மாதான் மறுபடி எடுத்துச் சொன்னார், கூடவே எனக்கு ஒரு பார்வையும்.

அந்த அம்மாவுக்குச் சப்பென்று போய்விட்டது. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு போனில், "இல்லக்கா, ஸ்கேன்ல ஆம்பளன்னு உறுதியா சொல்லிட்டாங்க."

சம்பந்தி வீட்டார்

கடைசியாக டாபர்மேன் கல்யாணம். மாப்பிள்ளை பெயர் சுல்தான், போர்வெல் வண்டி வைத்திருக்கிற ஒருவர் வீட்டு நாய். பெண் நாய், கோயில் பக்கம் லாட்ஜ் நடத்துகிறவர் வீட்டுப் பிள்ளை. மாப்பிள்ளையின் நெஞ்சை நேரில் பார்த்த பிறகுதான் சம்மதம் என்று பெண் வீட்டார் பிடிவாதமாக வந்துவிட்டார்கள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழத்தோடு இரண்டு பக்கமும் தட்டு. வாசலிலேயே தட்டு மாற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்கள். சின்ன அறை. மெஷின் திரை நன்றாகத் தெரிய லைட்டை அணைத்தோம், திரை வெளிச்சம் மட்டும்தான். "இன்னிக்கும் அடங்கலன்னா நாளைலேர்ந்து வேற பொண்ணு வரும்" என்று டாக்டரம்மா என் காதோடு சொல்லிவிட்டுக் குனிந்தார்.

முதல் குட்டி யாருக்கு என்று ஆரம்பித்தது. ஆண் வீட்டுக்குத்தான் முதல் குட்டி என்றார் போர்வெல்காரர். பெத்தவ எங்க வூட்ல கெடந்து கஷ்டப்படுவா, நீங்க பொறுக்கி எடுத்துக்குவீங்களா என்றார் லாட்ஜ்காரர் மனைவி. மச்சான்கள் சேர்ந்துகொண்டார்கள். சுல்தான் இருட்டில் எல்லாப் பக்கமும் தலையைத் திருப்பியது. டாக்டரம்மா கருவியை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். அவ்வளவுதான், வேலை போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது என் வாயிலிருந்து வந்தது நான் யோசித்துச் சொன்னதில்லை. வீட்டில் சாப்பிட அடம்பிடிக்கிற மகளிடம் வருகிற குரல் அது.

"எல்லாரும் கையக் கட்டு! வாய் மேல விரல் வை!"

வைத்தார்கள். சத்தியமாக வைத்தார்கள். போர்வெல்காரர், லாட்ஜ்காரர், அவர் மனைவி, இரண்டு பக்க மச்சான்கள், எல்லோரும் சுவரோரம் வரிசையாக, ஒரு கையைக் கட்டி, ஒரு விரலை வாயில் வைத்து. டாக்டரம்மாவின் விரலும் பாதி தூரம் போய்த் திரும்பியது. அந்த நிசப்தத்தில் அவர் வெகுநேரம் அடிப்பைக் கேட்டார், திரையைப் பார்த்தார். சுல்தானின் அடிப்பு நடுநடுவில் தப்புகிறது, இதயத்தின் இடது பக்கம் பெருத்திருக்கிறது, மாத்திரை கொடுத்தால் நன்றாக இருக்கும், ஆனால் இணை சேர்க்கக் கூடாது என்றார்.

போர்வெல்காரர் விரலை எடுக்காமலே என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "டீச்சர், பேசலாமா?" என்றார். நான் தலையாட்டினேன். சுல்தானின் காதைத் தடவி, "மாப்பிள்ளையாவலன்னா இன்னாடா, மாத்திரையப் போட்டுக்கினு என் கூடவே கெட" என்றார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

லாட்ஜ்காரருக்கு வேறு கவலை. மாற்றிய தட்டை என்ன செய்வது என்று கையில் வைத்துக்கொண்டு தவித்தார். திருப்பிக் கொடுத்தால் அபசகுனம். கடைசியில் மெதுவாகக் கேட்டார். "பையனுக்குத் தம்பி யாராவது இருக்கானா?"

வாய் உள்ள பிள்ளை

அவர்கள் போன பிறகு நான் ஒரு மூலையில் நின்றேன். ஐந்து பெரிய மனுசர்களை வாயில் விரல் வைக்கச் சொல்லியிருக்கிறேன், இதற்கும் வேலை போகலாம். டாக்டரம்மா ஜெல்லைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "தம்பிக்காரனும் அதே ரத்தம், அவனுக்கும் ஸ்கேன் பாக்கணும்னு சொல்லியிருக்கேன். ரெண்டு வூட்டு ஆளுங்களும் வருவாங்க, லீவு கீவு போட்டுடாத."

வேலை நிலைத்துவிட்டது, ஆனால் ஆட்களை அதட்டும்போது என் நெஞ்சு அடிக்கிற அடியை அந்த மெஷினில் பார்த்தால் டாக்டரம்மா எனக்கும் பிள்ளை பெறத் தகுதியில்லை என்று எழுதிவிடுவார், நல்லவேளை, என் மகள் முன்பே பிறந்துவிட்டாள்.